நாடாள்வோரும் ஒலிநாடாவும்

நூறே நூறு படிகள்! ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய எண்! முதல் எண் எவருக்குக் கிட்டிற்று, நூறாவது எண் எவருக்குத் தப்பிற்று என்று, வாங்கியோரிடம் பெருமிதம், வாங்க முடியாதோரிடம் பெருமூச்சு! எதற்கு இத்தனை ஆரவாரம்? ஒலிநாடாவுக்கு! கேசட் என்று நாம் வழங்குகிறோமே, அந்தச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பெட்டிக்கு! அதனுள் அடங்கியிருப்பது யாது? கிதாரை மடியில் ஏந்தி, தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடும் பத்துப் பன்னிரண்டு இளம் பாடகர்களின் தொகுப்பு. வெளியிடுவது பெரிய இசைக் குழுமமன்று. எவரையும் சாராது தனித்து நிற்கும் சிறு நிறுவனம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இத்தகைய வெளியீடுகள் இன்று ஏராளம். 2013இல் 'கேசட் கடை நாள்' என்று ஒரு திருநாளே தொடங்கினார்கள்.

திருநாள் என்றால் திருமேனி ஒன்றும் வேண்டுமல்லவா? இருக்கிறது! வாங்குவோர் பலரிடம் அந்த நாடாவை ஓட்டிக் கேட்கும் கருவியே இல்லை. நாடாவுடன் தரப்படும் குறியீட்டைக் கொண்டு பாட்டைக் கணினியில் இறக்கிக் கேட்கின்றனர். நாடாவோ அலமாரியில் எழுந்தருளியிருக்கிறது, திறவாமல், தீண்டாமல், தினமும் தூசு தட்டப்பட்டு! கல்லுக்குப் பதில் பிளாஸ்டிக். கருவறைக்குப் பதில் கண்ணாடிப் பேழை.

"என்னய்யா குற்றம் கண்டீர்? இளைஞர் நாலுபேர் இசையின்மீது ஆசை கொண்டு ஏதோ செய்கிறார்கள். இதிலுமா உமது வாதம்?" என்று கேட்பர். ஆசையோடு நின்றிருந்தால் நானும் வாய்திறந்திரேன். ஆனால், அவர்கள் கூறிக்கொள்வது என்ன? இதுவே விடுதலையாம்! இதுவே பெருமுதலாளிகளின் பிடியை உடைக்கும் கலகமாம்! கலகம் என்ற சொல்லை ஒரு பண்டத்தின் விலைச்சீட்டில் ஒட்டுமுன், அந்தப் பண்டம் உண்மையாகவே கலகம் செய்த இடத்துக்கு ஒருமுறை போய் வர வேண்டாமா?

போய் வருவோம். இடம், சிலி.

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆண்டிஸ் மலைக்கும் அலைகடலுக்கும் நடுவே, ஒலிநாடாவைப் போலவே ஒல்லியாய் நீண்டு கிடக்கும் நாடு அது. அங்கே வயலெட்டா பார்ரா என்ற அம்மையார் ஊர் ஊராய்ச் சென்று, உழுவோரும் உழைப்போரும் பாடிவந்த பாட்டுகளைத் தேடித் திரட்டினார். அவருடைய மக்கள் இருவர் 1965இல் தலைநகர் சாந்தியாகோவில் ஒரு பழைய வீட்டில் பாட்டு மன்றம் திறந்தனர். மேடை அலங்காரம் இல்லை. மின்விளக்கின் மினுமினுப்பு இல்லை. ஒரு கிதார், ஒரு குரல், எதிரே நாற்காலிகளில் நெருக்கியடித்து மக்கள். சரங்கோ என்ற சிறு நரம்புக் கருவி, கேனா என்ற குழல் முதலிய மலைவாழ் மக்களின் கருவிகள், 'நாகரிகர்' ஏளனம் செய்துவந்த கருவிகள், அரங்கேறின. 1969இல் இந்தப் பாட்டுகளுக்கென்றே ஒரு விழா நடந்தது. அதற்கு முன்னின்றவர் ரிகார்தோ கார்சியா என்ற வானொலி அறிவிப்பாளர். இந்தப் பெயரை நினைவில் நிறுத்துங்கள் தோழர்களே, பின்னால் வருகிறார். அவ்விழாவில் பரிசு பெற்றோருள் ஒருவர், உழவர் குடியிற் பிறந்த விக்தோர் ஹாரா.

1973 செப்டம்பர் 11. மக்கள் வாக்களித்துத் தேர்ந்த தலைவர் அலெண்டேயின் மாளிகைமீது விமானங்கள் குண்டு பொழிந்தன. தளபதி பினோசே ஆளவந்தாரானார். மறுநாள் பல்கலைக்கழகத்தில் பிடிபட்ட விக்தோர் ஹாரா, ஆயிரக்கணக்கானோருடன் ஒரு விளையாட்டரங்கில் அடைக்கப்பட்டார், அடித்து நொறுக்கப்பட்டார், சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 40. அவரைக் கொன்றோர்க்கு விதிக்கப்பட்ட தண்டனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது எப்போது தெரியுமா? 2023 ஆகஸ்டில்! ஐம்பதாண்டு! துப்பாக்கிக்கு நொடி போதும், நீதிக்கு அரைநூற்றாண்டு வேண்டியிருந்தது. அவருடைய துணைவியார் ஜோன், கணவரின் ஒலிப்பதிவுகளை நாட்டைவிட்டு வெளியே கொண்டு சேர்த்தார். ஆகவேதான் அந்தக் குரல் உலகுக்குக் கிடைத்தது. இந்தப் பாட்டுகளை இசைத்தட்டுகளாக்கி வந்த நிறுவனத்தின் மூலப் பதிவுகளோ அழிக்கப்பட்டன.

கவனியுங்கள். பாடகனைக் கொன்றதோடு நிற்கவில்லை, பதிவையும் தேடி அழித்தனர். ஏன்? பாடகன் ஒருவன், பதிவு ஓராயிரம் என்பது கொடுங்கோலனுக்குத் தெரியும். நம் கலைவாணர் பலருக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும்!

அடுத்து நடந்தது இன்னும் நயவஞ்சகம். இசைவாணர்களை அழைத்து, கேனாவும் சரங்கோவும் இனி வேண்டாம் என்று அறிவுறுத்தினர் ஆட்சியாளர். அரசிதழில் அச்சிட்டார்களா? இல்லை. சட்டம் என்று சாற்றினார்களா? இல்லை. வாய்மொழி ஒன்றே போதுமென்று விட்டுவிட்டனர். அச்சிட்ட தடைக்கு ஓர் எல்லை உண்டு; அச்சத்தால் ஆன தடைக்கு எல்லை ஏது? ஒரு குழலைக் கண்டு ஒரு படை நடுங்கிய கதையை எந்தப் புராணிகனும் இதுவரை கற்பனை செய்ததில்லை. அந்நாட்டு இளைஞர்கள் என்ன செய்தனர்? 'பர்ரோகோ ஆந்தினோ' என்றொரு குழு, அதே குழலிலும் அதே சரங்கோவிலும் ஜெர்மானிய மேதை பாஹின் இசையை வாசித்தது! தேவாலயங்களில் வாசித்தது! பாஹைத் தடை செய்வதா? உயர்ந்தோர் இசையாயிற்றே! தளபதிகள் விழித்தனர்; குழல் பிழைத்தது.

தேவாலயத்திலா என்று புருவம் உயர்த்தும் தோழர்க்கு ஒரு சொல். ஆம், தேவாலயத்தில்தான். 1976இல் கர்தினால் சில்வா என்ரிகேஸ் ஏற்படுத்திய 'ஒற்றுமைத் துணைநிலையம்' காணாமற் போனோரின் குடும்பங்களுக்கு வழக்கறிஞரையும், பசித்தோர்க்குக் கஞ்சியையும் தந்தது. நம்பிக்கையை ஏற்காத நாம் நடந்ததை மறைப்பது நேர்மையாகாது. கூரை இல்லாதபோது கூரை தந்தவனை, உன் கூரையின்மீது என்ன சின்னம் இருக்கிறது என்றா கேட்பது?

இப்போது வருகிறார் ரிகார்தோ கார்சியா. 1975இல், அந்த இருட்டில், அவர் ஓர் இசை வெளியீட்டு நிறுவனம் தொடங்கினார். பெயர் 'அலேர்சே'. சிலியின் தென்கோடிக் காட்டில் மழையிலும் குளிரிலும் மெல்ல மெல்ல வளரும் மரத்தின் பெயர் அது. மூவாயிரம் ஆண்டு தாண்டியும் வாழும், எளிதில் மக்காது. நகைப்புக்குரிய ஒரு செய்தி: அலேர்சே மரத்தை வெட்டலாகாது என்று 1976இல் ஆணை பிறப்பித்ததும் இதே பினோசே ஆட்சிதான்! மரத்துக்கு இருந்த பாதுகாப்பு மனிதனுக்கு இல்லை. தம் நிறுவனத்துக்கு மரத்தின் பெயரைச் சூட்டிய மனிதர் மதியூகியே.

அந்நிறுவனத்தின் வழியே வெளிவந்த இளம் பாடகர்களின் இசைக்குப் 'புதுப் பாட்டு' என்று பொருள்படும் 'கான்தோ நுயெவோ' என்ற பெயர் வழங்கிற்று. அப்பெயரிலேயே தொகுப்புகளும் வந்தன. தனிப்பாடகரும் குழுவினரும் ஒரே நாடாவில்! பெயர் தெரிந்த ஒருவருக்காக வாங்கினால், பெயர் தெரியாத பத்துப்பேரின் குரல் வீட்டுக்குள் நுழையும். தொகுப்பு என்பதன் நுட்பமே அதுதான். வானொலிகள் பெரும்பாலும் கதவடைத்த நாட்டில், தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு வானொலி 'நம் பாட்டு' என்ற நிகழ்ச்சியில் சிறிது இடம் தந்தது. மற்றபடி, அறியாத பாடகன் அறிந்த பாடகனின் தோளில் ஏறித்தான் மக்களிடம் வர முடிந்தது. எதுவார்தோ பெரால்தா வந்தார். நீதிபதியையும் பாதிரியையும் போலீசையும் ஒருங்கே கேலி செய்த பிரெஞ்சுப் பாடகர் பிராசென்சின் பாட்டுகளை ஸ்பானிய மொழியில் ஆக்கிப் பாடிய குறும்பர் அவர். உகோ மொராகா வந்தார். தெற்கே வால்திவியா நகரிலிருந்து ஷ்வென்கே, நிலோ என்ற இருவர் வந்தனர். சோறின்றி வாடிய சேரிகளில் பொதுப்பானை வைத்துக் கஞ்சி காய்ச்சிய காலம் அது. தொழிற்சங்கக் கூடத்திலும், சேரிக் கூட்டத்திலும், மாணவர் மன்றத்திலும் இத்தகையோர் பாடினர். கிதாருக்கு மின்சாரம் வேண்டாம், பக்கமேளம் வேண்டாம், காவலர் வருகிறார் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம்.

ஏன் ஒலிநாடா? இசைத்தட்டு அச்சிட ஆலை வேண்டும். ஆலையைப் பூட்ட ஒரு காவலர் போதும். ஒலிநாடாவோ, 1963இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த எளிய பொருள். நாலு மில்லிமீட்டரும் இல்லாத அகலம். சட்டைப்பைக்குள் அடங்கும் உருவம். இதன் பெருமை ஒலியில் இல்லை, ஒலி சுமார்தான். நகலின் நகலை நகலெடுத்தால் மழை பெய்வதுபோல் இரைச்சலும் சேர்ந்து வரும். நாற்பது பிடில் முழங்கும் பெரிய இசைக்குழு அந்த மழையில் நனைந்து கரைந்துபோகும். ஒரு கிதாரும் ஒரு குரலும் மட்டும், குடைபிடித்த வழிப்போக்கனைப்போல், நடந்து வந்து சேர்ந்துவிடும். தனிக்குரல் பாட்டுக்கும் ஒலிநாடாவுக்கும் உள்ள பொருத்தம் இது. இதன் பெருமை எங்கே என்றால், கேட்கும் கருவியே பதிவு செய்யும் கருவியாகவும் இருந்ததில்! இரண்டு கருவி, நடுவே ஒரு கம்பி. வீட்டு அடுக்களை வெளியீட்டு நிலையமாயிற்று. நூல் வெளியிட 1983 வரை முன்அனுமதி வேண்டியிருந்த நாட்டில், நாடாவை நகலெடுக்க எவனுடைய கையொப்பமும் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கருவிகள் எளியோர் கைக்கு எப்படி வந்தன என்று கேட்டால் சிரிப்பு வரும். பினோசே, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்ற பொருளாதாரப் பண்டிதர்களை அமர்த்திக்கொண்டார். தடையற்ற வாணிகமே தெய்வம் என்பது அவர்கள் ஓதிய மந்திரம். 1973இல் சராசரி 90 விழுக்காட்டுக்கு மேலிருந்த இறக்குமதி வரி, கார் போன்ற சில நீங்கலாக, 1979இல் 10 விழுக்காடாக்கப்பட்டது. உள்நாட்டு ஆலைகள் சரிந்தன. தொழிலாளர் தெருவில் நின்றனர். அந்தத் தெருவின் கடைகளில் வெளிநாட்டு டேப் ரிக்கார்டர்கள் மலிவு விலையில் வந்து குவிந்தன. வேலையைப் பறித்த கொள்கையே, வாயைத் திறக்கும் கருவியையும் கப்பலேற்றி அனுப்பி வைத்தது! பண்டிதர்கள் எதையும் கணக்கிட்டவர்கள். இதை மட்டும் கணக்கிடவில்லை.

அதே ஆண்டுகளில் லண்டனில் நடந்ததைப் பாருங்கள். 1981இல் அங்குள்ள இசைத்தட்டு முதலாளிகளின் சங்கம் ஒரு முழக்கத்தை ஊரெங்கும் ஒட்டிற்று. ஒலிநாடாவின் உருவம், அதன்கீழ் எலும்பிரண்டு குறுக்கே, கடற்கொள்ளையர் கொடிபோல்! வீட்டில் பதிவு செய்வது இசையைக் கொல்கிறது என்பது வாசகம். லண்டனில் இசையைக் கொல்வதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அதே நாடா, சாந்தியாகோவில் கொல்லப்பட்டவனின் இசையை உயிரோடு வைத்திருந்தது. குற்றஞ்சாட்டியோரின் கவலை எதைப்பற்றி? இசையைப்பற்றியா, இலாபத்தைப்பற்றியா? 'டெட் கென்னடிஸ்' என்ற அமெரிக்கக் குழு அதே ஆண்டில் தன் ஒலிநாடா ஒன்றின் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, நீங்களே பதிந்துகொள்ளுங்கள் என்று அச்சிட்டு அந்த முதலாளிகளுக்கு விடையிறுத்தது. கிதாரை மென்மையாக மீட்டுவோர் அல்லர் அவர்கள். எனினும் இந்த இடத்தில் பாராட்டத் தக்கவர்கள்.

'புதுப் பாட்டு'க்காரர்களை இகழ்வோரும் உண்டு. "இவர்கள் நெருப்பையா பாடினார்கள்? குளிர்காலம் என்றார்கள், இரவு என்றார்கள், விடியல் என்றார்கள், பறவை என்றார்கள். உவமைக்குள் ஒளிந்தார்கள்" என்பது குற்றச்சாட்டு. ஒளிந்தார்கள், மெய்தான். விக்தோர் ஹாராவின் உடலைக் கண்ட நாட்டில் ஒளிவது கோழைத்தனமா, உயிரோடிருந்து அடுத்த பாட்டைப் பாடும் உத்தியா? பாரிசிலும் ரோமிலும் அடைக்கலம் புகுந்த குழுக்கள் வெளிப்படையாக முழங்கின, முழங்க முடிந்தது. உள்ளே இருந்தவன் 'இரவு நீண்டுவிட்டது' என்ற அளவில் கூறினால், கேட்டவனுக்கு எந்த இரவு என்று அகராதி பார்க்க வேண்டியிருக்கவில்லை. கலை அழகாக இருந்ததால் இதைப் புகழவில்லை நான். சில பாட்டுகள் சர்க்கரை கூடிய பானகம்போல் திகட்டுவன என்றே கேள்வி ஞானமுடையோர் ஒப்புவர். பாட்டு கைமாறிற்று, கைமாறிய ஒவ்வொரு முறையும் இருவர் ஒருவரையொருவர் நம்பினர். உளவாளிகள் நிறைந்த நாட்டில் அது அற்பமன்று.

1988 அக்டோபர் 5இல் பினோசே தொடரலாமா என்று வாக்கெடுப்பு. ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் 'கூடாது' என்றனர். 1990 மார்ச்சில் அவர் அதிபர் நாற்காலியைவிட்டு இறங்கினார். அம்மாதமே சாந்தியாகோவின் தேசிய விளையாட்டரங்கில் — 1973இல் கைதிகளை அடைத்து வதைத்த அதே அரங்கில் — கியூபாவின் சில்வியோ ரோத்ரிகேஸ் பாடினார். அதுவரை அவர் அந்நாட்டுக்கு வந்தடைந்ததெல்லாம் பெரும்பாலும் நகல் நாடாக்களின் வழியே! அரங்கு நிரம்பி வழிந்த மக்களுக்கு அவர் பாட்டுகள் மனப்பாடம். ரிகார்தோ கார்சியா அவ்வாண்டிலேயே மறைந்தார்.

இனி, எண்ணிட்ட நூறு படிகளிடம் திரும்புவோம்.

இன்றைய சிறு நிறுவனத்தார் கூறும் நியாயம் ஒன்றுண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. இணையவழியில் பாட்டைக் கேட்கவிடும் பெருங்குழுமங்கள், பெயர் பெறாத பாடகனுக்குத் தருவது பிச்சைக்காசு. ஒரு நாடாவை நேரில் விற்றால் கிதாருக்கு நரம்பு வாங்கவாவது காசு மிஞ்சும். சரி, விற்கட்டும், நன்றாக விற்கட்டும். இன்னொன்றையும் நானே எடுத்துத் தருகிறேன் அவர்கள் தரப்புக்கு. 2019இல் ஹாங்காங் கிளர்ச்சியில் பிறந்த 'ஹாங்காங்குக்குப் புகழ்' என்ற பாட்டைப் பரப்புதற்கு 2024 மே மாதம் அங்குள்ள நீதிமன்றம் தடைவிதித்தது. சில நாட்களில் யூடியூப் நிறுவனம் அப்பாட்டின் 32 காணொளிகளை ஹாங்காங்கில் காணவொட்டாது செய்தது. ஓர் ஆணை, ஒரு பொத்தான், தீர்ந்தது! வீடு வீடாகச் சோதனையில்லை. அலமாரி அலமாரியாகத் தேடலில்லை. தளபதிக்குத் தொல்லையே இல்லை. சிலியில் நாடாவைத் தேடிக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. இன்று கதவு நம்முடையதே அன்று. ஆகவே, பாட்டு நம் கையில் இருக்கவேண்டும், குழுமத்தின் கிடங்கில் அன்று என்று ஒரு சிறு நிறுவனம் நினைத்தால், அந்த நினைப்பு நன்று, முற்றிலும் நன்று.

அப்படி நினைத்தவர்கள் பிறகு செய்வது என்ன? நூறோடு நிறுத்துகிறார்கள்! நூற்றொன்றாமவன் யார்? அவனுக்குக் காதில்லையா? எண்ணிட்டு, முத்திரையிட்டு, இனிக் கிடைக்காது என்று பறைசாற்றி, கிடைக்காமையையே சரக்காக விற்கிறார்கள். வாங்கியவன் அதைப் பன்மடங்கு விலைக்கு மறுசந்தையில் விற்கிறான். அந்தப் பன்மடங்கில் பாடியவனுக்குக் காலணா உண்டா? இல்லை. பெயர் அறியாத பாடகன் பெயர் பெறுவதற்காகத்தானே தொகுப்பு? நூறு அலமாரிகளில் மூடிக்கிடந்தால் எவருக்குத் தெரியும் அவன் பெயர்? இது கலகமென்றால், கோயிலுக்குள் சிலரை மட்டும் விட்டதும் கலகந்தான்!

முதலாளிகள் இதைக் கண்டு மிரண்டார்களா? மிரளவில்லை, மகிழ்ந்தார்கள். 2020இல் பிரிட்டனில் 1 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒலிநாடாக்கள் விற்றன. முதலிடம் எந்தச் சிறு நிறுவனத்தின் எந்தக் கிதார்ப் பாடகனுக்கு? எவனுக்குமில்லை. லேடி காகாவின் நாடாவுக்கு! ஒருகாலத்தில் எலும்பும் கபாலமுமாய் எந்த உருவத்தை அச்சிட்டு மக்களை மிரட்டினார்களோ, அந்த உருவத்தையே வண்ண வண்ணமாய் வார்த்து விற்கிறார்கள். நகலெடுக்கும் கருவி வீடுகளில் இல்லாது போனபின் நாடா எவரையும் அச்சுறுத்தவில்லை. பல் பிடுங்கிய பாம்பைப் பையன்களும் கழுத்தில் போட்டுக்கொள்வர்.

சிறு நிறுவனம் நடத்தும் இளைஞனிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. விலையைக் குறை, எண்ணிக்கையைக் கட்டாதே, எண்ணிடாதே. அட்டையில் பாடகர் பெயர்களுக்குக் கீழே, இதை நகலெடுத்து நண்பருக்குக் கொடுங்கள் என்று ஒரு வரி அச்சிடு. நாடா கிட்டாதவனுக்கு அதே பாட்டைக் கோப்பாகக் கொடு, பூட்டில்லாமல். பாடியவனுக்குச் சேரவேண்டிய காசை வெளிப்படையாகக் கேள், கொடுப்பார்கள். கிதார் பாட்டைக் கேட்டு உருகுவோர் அத்தனை பேரும் கஞ்சரல்லர்.

ஒலிநாடாப் பெட்டியின் முதுகுப்புறத்தைக் கண்டிருப்பீர்கள். இரு மூலையிலும் சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால் அந்த நாடாவில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. பாட்டு நிரப்பி விற்கும் நாடாக்கள் அப்படி நாக்கில்லாமலேதான் வரும். அது எவரையும் தடுத்ததில்லை. அந்தத் துளையின்மீது ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினால் போதும், கருவி ஏற்றுக்கொள்ளும், பதியலாம்.